தோற்கும் அணியைக் கைவிட மனசில்லாதவர்களே, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, எங்கள் பகுதி அணிகள் கிரிக்கெட்டானாலும் கால்பந்தானாலும் வருஷா வருஷம் தோற்கின்றன. மோசமாகத் தோற்றால்கூடப் பரவாயில்லை. கடைசி ஓவர் வரை ஆசை காட்டிவிட்டுத் தோற்பதைத்தான் தாங்க முடியவில்லை, அன்று ராத்திரி தூக்கமே வருவதில்லை.

ஐபிஎல்லில் பெங்களூரு ரசிகர்கள் முதல் கோப்பைக்காக 2008லிருந்து 2025 வரை காத்திருந்தார்கள். அமெரிக்க பேஸ்பாலில் சிகாகோ கப்ஸ் 1908க்குப் பிறகு 2016இல்தான் கோப்பையைத் தொட்டது; பார்க்காமலே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ! அப்படிக் காத்திருந்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், தோற்ற மறுநாளை எப்படிக் கடத்தினீர்கள்?

இன்னொன்று. மகளும் இப்போது என்னோடு உட்கார்ந்து பார்க்கிறாள். போன ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "அப்பா, வேற டீமுக்கு மாறிடலாமா?" என்றாள். எனக்கு மாற மனசில்லை, அவளை வற்புறுத்தவும் கூடாது. பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?