எல்ஜிபி தோட்ட ரயிலுக்கு மின்சார எஞ்சின்: முதலையா, 4/4 இரண்டாம் வகையா, மூன்றாம் வகையா? வளைவில் பெட்டி விழுகிறது, உதவி தேவை

வளவு ரயில் (கேள்வி)

வணக்கம். சுவிஸில் ஆர்காவ் மாநிலத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் 5 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் எல்ஜிபி (தோட்டத்தில் ஓட்டும் பெரிய மாதிரி ரயில்) தண்டவாளம் போட்டு இரண்டு வருடமாகிறது. வளைவுகள் எல்லாம் ஆர்1, அதாவது 600 மி.மீ. ஆரம். ஒரு சின்ன நீராவி எஞ்சின், பச்சைப் பயணிகள் பெட்டி இரண்டு, சரக்கு வண்டி மூன்று. இதுவரை ஒழுங்காக ஓடின.

போன கோடையில் கூரில் இருந்து சென் மோரிட்ஸுக்குப் போய் வந்ததிலிருந்து மகள் மின்சார எஞ்சின் கேட்கிறாள். நண்பர் ஒருவர் தன் ஜிஇ 4/4 மூன்றாம் வகை மாதிரி எஞ்சினை ஒரு வாரத்துக்குத் தந்தார் (அந்தப் பாதையை நடத்தும் ரேத்திய ரயில்வேயின் எஞ்சின்; 4/4 என்றால் நான்கு அச்சு, நான்கும் இழுக்கும்). அதில் இரண்டு சிக்கல். இடது வளைவு முடிந்த உடனேயே வலது வளைவு தொடங்கும் இடத்தில் முதல் பெட்டியின் முன்சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் ஏறி விழுகின்றன. பூப்பாத்திக்கு ஏறும் சரிவில் ஐந்து வண்டியையும் பூட்டினால் சக்கரம் சுழல்கிறது, ரயில் நகரவில்லை. அந்தச் சரிவு 3 மீட்டர் நீளத்தில் 16 செ.மீ. ஏறுகிறது.

ஒரு எஞ்சினுக்குத்தான் காசு இருக்கிறது. எதை வாங்கலாம்?

லாண்ட்வாசர் (மறுமொழி)

தம்பி, எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். முதலில் தண்டவாளத்தைப் பார்ப்போம்.

உண்மையான பாதை ஒரு மீட்டர் அகலம், நம் தண்டவாளம் 45 மி.மீ. அதனால்தான் 1:22.5 என்ற அளவு. நீங்கள் போன வழியில் வரும் லாண்ட்வாசர் பாலத்தின் வளைவு 100 மீட்டர் ஆரம். அதை அப்படியே சுருக்கினால் வளவில் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் ஆரம் வேண்டும். சென் மோரிட்ஸுக்கு அப்பால் போகும், இறுக்கமான வளைவுகளுக்குப் பேர்போன பெர்னினா பாதையிலேயே 45 மீட்டருக்குக் கீழே போகவில்லை, அது நம் அளவில் 2 மீட்டர். நீங்கள் வைத்திருப்பது 60 சென்ரிமீட்டர்!

மூன்றாம் வகை எஞ்சின் நிஜத்தில் 16 மீட்டர். சரியான அளவில் 71 செ.மீ. வரும், தயாரிப்பாளர்கள் கொஞ்சம் சுருக்குவதும் உண்டு. ஆர்1 வளைவில் ஓடும் என்றுதான் பெட்டியில் போட்டிருப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால் எஞ்சினின் முனை வெளியே தள்ளும்போது அதோடு கொக்கியும் போகிறது. இடது வளைவில் கொக்கி ஒரு பக்கம் நிற்க, பெட்டியின் கொக்கி மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் சக்கரம் ஏறுகிறது. இரண்டு வளைவுக்கும் நடுவே 30 செ.மீ. நேர்த்துண்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

சரிவு மீட்டருக்கு 5.3 செ.மீ. வருகிறது. நீங்கள் சென் மோரிட்ஸுக்குப் போன ஆல்புலா பாதையில் அதிகபட்சமே 3.5 தான். பெர்னினாவில் 7 வரை உண்டு, ஆனால் அங்கே ஓடுபவை வேறு வண்டிகள், மின்சாரமும் வேறு. பூப்பாத்தி முனையை 10 செ.மீ. உயரத்துக்கு இறக்க முடியுமா?

வளவு ரயில்

இறக்கலாம் அண்ணை, கல் இரண்டை எடுத்தால் போதும். டிரான்ஸ்பார்மர் சின்னதாக இருப்பதும் காரணமாக இருக்குமா?

பழைய பட்டறை (மறுமொழி)

சக்கரம் சுழல்கிறது என்றால் மின்சாரம் போதாமல் இல்லை, பிடிப்புத்தான் போதவில்லை. விளக்கு மங்கி எஞ்சின் மெதுவாகிப் படுத்தால்தான் டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்படலாம். ஈரத் துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். எஞ்சினைத் திருப்பி, சக்கரத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். என் எஞ்சினில் அது கண்ணாடி போல வழுவழுப்பாகி இருந்தது. மாற்றியதும் ஏறிவிட்டது.

இனி எது வாங்குவது என்ற கேள்வி. எனக்கு முதலை மேல்தான் ஆசை, மறைக்கவில்லை. அது பழைய ஜிஇ 6/6 முதல் வகை எஞ்சினின் பட்டப்பெயர், 1921க்கும் 1929க்கும் இடையில் 15 கட்டினார்கள். பேர்க்யூனில் ரயில் அருங்காட்சியகத்தின் முன்னால் 407ஆம் எண் முதலை நிற்கிறது, மகளைக் கூட்டிப் போங்கள். அதன் இரண்டு மூக்கும் தனித்தனியாகத் திரும்பும், நடுக்கூடு அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும். சரியான அளவில் 59 செ.மீ. நீளம் இருந்தும் ஆர்1 வளைவில் பாம்பு போல மடங்கிப் போவது அதனால்தான்.

ஆனால் பழையது வாங்கினால் கவனம். கையில் தூக்கி, மின்சாரம் கொடுத்து இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் எங்கேயாவது தட்டித் தட்டி நின்றால் விட்டுவிடுங்கள். வளவில் சிறுகல் தெறித்து அந்தத் தண்டுக்குள் மாட்டுவதும் உண்டு.

லாண்ட்வாசர்

முதலை அழகு, மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே ஒரு எஞ்சின் என்றால் என் சொல் 4/4 இரண்டாம் வகைக்குத்தான். 1973இல் வந்த முதல் பத்து, 611 முதல் 620 வரை, பச்சை நிறம். உங்கள் பச்சைப் பெட்டிகளோடு பொருந்தும். சரக்கு வண்டி, பயணிகள் வண்டி இரண்டையும் நிஜத்தில் இழுத்த எஞ்சின். 13 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 58 செ.மீ.க்குள். வெளியே தண்டு கிடையாது, பத்து வயதுப் பிள்ளை தூக்கி வைத்தாலும் பயமில்லை.

வளவு ரயில்

ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன். நேர்த்துண்டு போட்ட பிறகு இருபது சுற்று, ஒரு தடவையும் விழவில்லை. முனையை 10 செ.மீ.க்கு இறக்கி, தண்டவாளத்தைத் துடைத்ததும் நண்பரின் எஞ்சின் ஐந்து வண்டியோடு நிற்காமல் ஏறியது. மகள் சரிவின் பக்கத்தில் குப்புறப் படுத்து, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை 4/4 இரண்டாம் வகை ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். ரப்பர் வளையம், இரண்டு பக்கச் சுழற்சி இரண்டையும் பார்க்கிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பழைய பட்டறை

கூரைமேல் இருக்கும் மின்கம்பிச் சட்டங்களைத் தூக்கி இறக்கிப் பாருங்கள், பழையதில் முதலில் உடைவது அதுதான். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அவற்றை மடக்கி வைத்தே ஓட்டுங்கள். மின்சாரம் தண்டவாளத்தில் இருந்துதான் வருகிறது, உங்கள் ரோஜாச் செடியின் கிளை தாழ்வாக இருக்கும்.