மறு: மறு: ‘ப்ராக்னாஸ்டிக் மார்க்கர்’ – தேறுகுறி?

குழுவினருக்கு வணக்கம். நோயாளி தேறுவாரா என்பதை முன்கூட்டிக் காட்டும் அளவை ஆங்கிலத்தில் ‘ப்ராக்னாஸ்டிக் மார்க்கர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘தேறுகுறி’ என்று வைக்கலாம் என்றேன். வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில்.

> ‘மீட்சி முன்கணிப்பான்’ இருக்கிறதே, புதிதாக எதற்கு?

கணிப்பது நாம் ஐயா, ரத்த அணு அல்ல. ‘ஆன்’ விகுதி போட்டால் வெள்ளணுவே உட்கார்ந்து கணக்குப் போடுவது போலிருக்கிறது. அதுவுமில்லாமல், இங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் சொந்தக்காரர் யாரும் ‘மீட்சி’ பற்றி விசாரிப்பதில்லை. “ஆளு தேறிடுவாரா டாக்டர்?” என்றுதான் கேட்கிறார்கள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை அதே வினைதான்.

> அப்படியானால் ‘தேறல்குறி’?

சங்கப் பாட்டில் தேறல் என்றால் தெளிந்த கள். நிமோனியா வார்டுக்கு வேண்டாமே. ‘தேறுகுறி’ வினைத்தொகை, க் மிகாது. குறியா தேறுகிறது என்று யாராவது கேட்பீர்கள். உண்கலம் உண்கிறதா என்ன?

> ‘குறி’ என்றதும் ஆடி மாதம் காசிமேட்டில் சாமியாடிக் குறி சொல்வதுதான் நினைவுக்கு வரும்.

இதை எழுதிய அம்மா சொல்வது நியாயம். அதனால்தான் வரையறையை இறுக்கமாக எழுத வேண்டும் என்கிறேன்.

வைரஸ் நிமோனியா முற்றும்போது ரத்தத்தில் லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) குறைகிறது. ஒரு பகுதி நுரையீரலுக்குள் போய்விடுகிறது, ஒரு பகுதி மடிகிறது. 2020இல் கொரோனாவில் கண்கூடாகப் பார்த்தோம். தண்டையார்பேட்டையில் ஒரு லேப் தாளில் ‘பாலி 84, லிம்போ 10’ (அதாவது வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை 84 சதவீதம், லிம்போசைட் 10 சதவீதம்) என்று இருந்தால் அது மட்டும் எதையும் சொல்லிவிடாது. இரண்டு மூன்று நாளில் அதே ஆளுக்கு லிம்போ 20ஐத் தாண்டி ஏறினால், அந்த ஏற்றம்தான் தேறுகுறி.

2013இல் சீனாவில் பரவிய எச்7என்9 பறவைக் காய்ச்சலிலும் இதே கதை. சீக்கிரம் வீடு திரும்பியவர்களுக்கு சி.டி.8 டி-அணுக்கள் (வைரஸ் தொற்றிய செல்களைக் கொல்லும் லிம்போசைட் வகை) முன்கூட்டியே பெருகியிருந்தன. ஆனால் ஸ்டீராய்டு போட்டிருந்தால் கணக்கு மாறும். அந்த மருந்தே நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். இதை வரையறையிலேயே சேர்க்காவிட்டால் அம்மா பயந்தபடி குறி சொல்வதாகத்தான் முடியும்.

என் முன்மொழிவு:

தேறுகுறி: நோயாளி தேறும் வாய்ப்பைக் காட்டும், அளக்கக்கூடிய உடல் மாற்றம். ஒற்றை அளவை விட, நாள்பட அது நகரும் போக்கே முதன்மை. கொடுத்த மருந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக்கு ‘நலிகுறி’. நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் நாளுக்கு நாள் ஏறினால் அது நலிகுறி.

‘முன்னறிகுறி’ என்று எழுதியிருந்தவருக்கு: அறிகுறி ஏற்கெனவே இருமலுக்கும் காய்ச்சலுக்கும் போய்விட்டது, அதைத் தொட வேண்டாம். நியூட்ரோபிலை அப்படியே விடலாமா, ‘நடுநிலை வெள்ளணு’ ஆக்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். அப்புறம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.