கலைச்சொல் தேவை: எழுதி எழுதியே மெமரி கார்டு கெடுவதற்கு ஒரு பெயர்

அன்பர்களே,

ஒற்றைப்பலகைக் கணினிக் கையேட்டின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். லாக் (கணினி தன்னில் நடப்பதை வரி வரியாகக் குறித்துவைக்கும் கோப்பு) பற்றிய பகுதியில் நிற்கிறேன். லாக் கோப்பில் ஒரு வரி கூடினாலும் கார்டில் உள்ள ஃபிளாஷ் நினைவகம் அதை மட்டும் எழுதாது. எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது அதைவிடப் பெரிய தொகுதியாக. தொகுதி ஒவ்வொன்றையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்ற வரம்பும் உண்டு. இப்படிக் கார்டு கெடும் ‘ரைட் வேர்’-ஐ ‘எழுத்துத் தேய்மானம்’ எனலாமா?

———

> எழுத்துத் தேய்மானம்

கல்வெட்டில் எழுத்து மழுங்கியது போலிருக்கிறது. தேய்மானத்தைக் கணக்கர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘எழுதுதேய்வு’ என்க. எழுதுகோல் போல வினைத்தொகை, வலி மிகாது.

———

எழுதுகோல், எழுதும் கோல். எழுதுதேய்வு? தேய்வு எதை எழுதுகிறது ஐயா?

———

உண்ட மயக்கம் என்கிறோம். மயக்கமா உண்டது? ‘தேய்புரிப் பழங்கயிறு’ என்ற தொடராலேயே ஒரு நற்றிணைப் புலவர் பெயர் பெற்றார்; அங்கும் வினைத்தொகைதான்.

———

இலக்கணம் இருக்கட்டும், பொருளே பிழை. உராய்வு இல்லாத இடத்தில் தேய்வு ஏது? எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஊடுருவிச் செல்கின்றன, படலம் நைந்துபோகிறது. ‘எழுதுநைவு’ என்பதே சரி. துணி நைவதும் இப்படித்தான், கிழியும்வரை வெளியே தெரியாது.

———

நிலவு உராய்ந்தா தேய்கிறது?

———

நிலவு மறுபடி வளரும். கார்டு வளருமா?

———

பாடம் நடத்துபவள் என்ற முறையில் ஒரு சொல். என் மாணவர்கள் லாக், கார்டு, ரேம் என்றுதான் பேசுகிறார்கள், புரிந்துகொள்கிறார்கள். பெயரைவிட முக்கியமானது கையேட்டில் இருக்கிறதா? லினக்ஸில் லாக்கைச் சேர்த்துவைக்கும் நிரலான ஜர்னல்டியில் ‘ஸ்டோரேஜ்’ அமைப்பை ‘வொலட்டைல்’ ஆக்கினால் லாக் ரேமிலேயே தங்கும், கார்டு பிழைக்கும். ஆனால் மின்சாரம் போனால் லாக்கும் போகும்; கணினி ஏன் விழுந்தது என்று தேடும் நாளில் தடயமே இருக்காது. அது வேண்டாமென்றால், இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை வட்டில் எழுதும் இடைவெளியை நீட்டலாம். எல்லாவற்றுக்கும் முன், ஓயாமல் புலம்பும் நிரல்களின் வாயைக் கட்ட வேண்டும். லாக்கில் பாதி யாரும் படிக்காதது.

———

அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் ‘வொலட்டைல்’ என்று அப்படியே விடுவதா? ‘ஆவியாகும் நினைவகம்’ என்று ஓர் அகராதியில் பார்த்தேன்.

———

அது வேதியியல் ஐயா. ரேம் கொதிக்கவில்லை. ‘நிலையா நினைவகம்’ போதும்.

———

‘எழுதுதேய்வு’ என்றே வைக்கிறேன். முதல் இடத்தில் பக்கத்திலேயே ‘ரைட் வேர்’ இருக்கும். ஒரே தொகுதி தேயாமல் எழுதுவதை எல்லாத் தொகுதிகளுக்கும் பகிர்ந்துவிடும் ‘வேர் லெவலிங்’ என்பதற்கும் அதிலிருந்தே ‘தேய்வுப் பரவல்’ கிடைக்கிறது. நைவில் இது அமையவில்லை. லாக்கை லாக் என்றே விட்டுவிட்டேன். ‘பதிவு’ என்றால் வாசகர் வலைப்பதிவைத் தேடிப் போவார்.

———

‘நைவுப் பரவல்’ ஏன் அமையாது? பெரும்பான்மை ஆகிவிட்டதால் ஆக்சைடு படலம் உராயத் தொடங்கிவிடாது. என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். லாக்குக்குத் தனி இழை தொடங்குகிறேன்.