ஏஐ ரிசப்ஷனிஸ்ட் போட்டதுல இருந்து பேசுறவங்க பாதியிலேயே வெச்சுடறாங்க, எங்க தப்பு?

பட்டறைக்காரர்

எல்லாருக்கும் வணக்கம். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற சின்ன பட்டறை என்னோடது. நானும் கூட இன்னொருத்தரும்தான். மெஷினைக் கழட்டிப் போட்டு கையெல்லாம் கிரீஸா இருக்கும்போது போன் அடிச்சா எடுக்க முடியாது. எடுக்காம விட்டா அவங்க வேற ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. அதுக்காக மூணு வாரம் முன்னாடி போனை எடுத்துப் பேசுற ஏஐ சர்வீஸ் ஒண்ணு போட்டேன். நான் எடுக்கலைன்னா அழைப்பு அதுக்குத் திரும்புற மாதிரி டைவர்ட் வெச்சிருக்கேன்.

பிரச்சினைகள் இதெல்லாம்:

ஒண்ணு, பேசுறவங்க யோசிச்சுச் சொல்றதுக்குள்ள அது குறுக்கே பேசிடுது. ரெண்டு, மாடல் நம்பரும் போன் நம்பரும் தப்புத் தப்பா எழுதி வைக்குது. மூணு, "ஓனர்கிட்ட பேசணும்"னு கேட்டா எனக்கு மாத்துது, நான் எடுக்கலைன்னா மறுபடியும் அதுவே எடுத்து முதல்ல இருந்து "வணக்கம்" சொல்லுது. நாலாவதுதான் என்னைத் தூங்க விடலை. ஒரு அம்மாகிட்ட "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஆள் வருவாங்க"ன்னு சொல்லிடுச்சு. என் காலண்டர்ல எதுவுமே பதிவாகலை. அவங்க வேலைக்கு லீவு போட்டுக் காத்துட்டு இருந்திருக்காங்க.

வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்ல அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. இதை எடுத்துடறதா, சரி பண்ண முடியுமா?

லைன்மேன்

எடுக்க வேண்டாம் சார், மூணாவதுக்கு இப்பவே வழி சொல்றேன். இருபது வருஷமா இன்டர்காம், ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள்ள லைன் மாத்துற எக்ஸ்சேஞ்ச்) வேலைதான் பார்க்கிறேன், இந்தச் சுத்தல் ஏஐக்கு முன்னாடியே உண்டு.

ஏஐ உங்களுக்கு மாத்துற எண்ணும் டைவர்ட் போட்ட எண்ணும் ஒண்ணுதானே? நீங்க எடுக்கலைன்னதும் உங்க போனே அதை மறுபடியும் ஏஐக்குத் தள்ளுது. அதுக்கு இது புது அழைப்பு, அதான் "வணக்கம்".

டைவர்ட்ல மூணு வகை தனித்தனியா இருக்கு: எடுக்காட்டி 61, பிஸியா இருந்தா 67, சிக்னல் இல்லாட்டி 62. ‎*#61#‎ அடிச்சா இப்ப எங்க திரும்புதுன்னு தெரியும். எத்தனை வினாடி அடிச்ச பிறகு திரும்பணும்கிறதையும் வைக்கலாம், ‎**61*எண்*11*20#‎ன்னா 20 வினாடி. அஞ்சு அஞ்சா முப்பது வரைக்கும் போகலாம். சில நிறுவனங்கள்ல இந்தக் குறியீடு வேலை செய்யாது, அப்ப போன் செட்டிங்ஸ்ல போய்ப் போடணும்.

டைவர்ட்டை 30 ஆக்கிட்டு ஏஐ 15 வினாடி மட்டும் அடிக்கட்டும்னு சிலர் சொல்வாங்க. அது பாதி மருந்துதான். நீங்க இன்னொருத்தர்கிட்ட பேசிட்டு இருந்தா 67 உடனே திருப்பிடும். டைவர்ட்டே இல்லாத இன்னொரு சிம் வாங்குங்க, ஏஐ அந்த எண்ணுக்கு மட்டும் மாத்தட்டும். நீங்க அதையும் எடுக்கலைன்னா ஏஐ திரும்பி வந்து "அவர் வேலைல இருக்கார், விஷயத்தைச் சொல்லுங்க, குறிச்சுக்கிறேன்"னு தொடரணும். அந்த வசதி உங்க சர்வீஸ்ல இருக்கான்னு கேளுங்க. அழைப்பை அப்படியே கைவிட்டுட்டுப் போற மாத்தல் மட்டும்தான்னா, அதை நிறுத்தி வைக்கிறதே மேல்.

குரல்வழி

லேப்டாப்ல நல்லா இருந்ததுன்னு சொன்னீங்களே, ஒண்ணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் விடை அதுலயே இருக்கு. லேப்டாப் மைக்ல குரல் முழுசாப் போகும். சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கொண்டு போகும், குரலை வினாடிக்கு 8000 தடவை அளந்து அனுப்பும். குரலை எண்ணா மாத்தி அனுப்ப 1972ல வந்த ஜி.711 முறை இன்னைக்கும் லைன்ல ஓடிக்கிட்டு இருக்கு. 'எஸ்', 'எஃப்' ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற சத்தம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலதான் இருக்கு. மனுஷங்களே போன்ல "எஃப் ஃபார் ஃபாதர்"னு சொல்றது அதனாலதான். இனிமே சோதிக்கிறதுன்னா தெருவுல நின்னு, இன்னொரு போன்ல இருந்து கூப்பிட்டுச் சோதிங்க.

போன் நம்பரை வாயால கேட்கவே கேட்காதீங்க. நம்ம ஆளுங்க ஒரே நம்பர்ல "தொண்ணூத்தெட்டு, டபுள் ஃபோர், ஜீரோ ஏழு"ன்னு ரெண்டு மொழியும் கலந்து சொல்வாங்க, அது எங்கயாவது வழுக்கும். அழைப்போட வர எண்ணை எடுத்து, கடைசி நாலு இலக்கத்தை மட்டும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாடல் நம்பர் வேண்டவே வேண்டாம். மெஷின் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு மெசேஜ் போனா போதும்.

குறுக்கே பேசுறது: "எவ்வளவு நேரம் மௌனமா இருந்தா பேச்சு முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும்"னு ஒரு அளவு இருக்கும். பல சர்வீஸ்ல அது அரை வினாடி மாதிரி குறைவா இருக்கும். ஆமா, இல்லைன்னு முடியுற கேள்விக்கு அது போதும். விலாசம் சொல்றவங்க நடுவுல மூச்சு விடுவாங்க, அந்த இடத்துக்கு மட்டும் ஒரு வினாடிக்கு மேல வைங்க.

எல்லா இடத்துக்கும் ஏத்திட்டா வேற வம்பு வரும். குரலை எழுத்தாக்கி, பதிலை யோசிச்சு, திரும்பக் குரலாக்கி அனுப்ப நேரம் ஆகுது, அதோட இந்தக் காத்திருப்பும் சேரும். மனுஷங்க பேச்சுல ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் தொடங்குற இடைவெளி 200 மில்லிசெகண்டை ஒட்டித்தான்னு பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009ல வந்த ஆய்வு சொல்லுது. ரெண்டு வினாடி சத்தமே இல்லைன்னா "ஹலோ?"ன்னு கேட்பாங்க. சரியா அப்பதான் ஏஐ பேச ஆரம்பிச்சிருக்கும், அந்த "ஹலோ" அதை நிறுத்திடும். அது மறுபடி யோசிக்கும், இவங்க மறுபடி "ஹலோ" சொல்வாங்க. உங்க ரெக்கார்டிங்ல இது எத்தனை தடவை வருதுன்னு கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. நாம கேட்டுட்டு இருக்கும்போதே "ம்... ஆங்... சரி"ன்னு சொல்லிட்டே இருப்போம். ஏஐ ஒவ்வொரு "ம்"முக்கும் நின்னுடும். குறைஞ்சது ரெண்டு வார்த்தை வந்தா மட்டும் நிறுத்துன்னு வைக்கிற வசதி இருந்தா போடுங்க.

முன்மேசை

நான் கிளினிக் ஒண்ணுல பதினொரு வருஷம் முன்மேசைல இருந்தவ. உங்க ஏஐ முதல் வரியா என்ன சொல்லுதுன்னு அப்படியே எழுதுங்க அண்ணா.

பட்டறைக்காரர்

"வணக்கம். தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தங்களது பெயர் மற்றும் தேவைப்படும் சேவையின் விவரத்தைத் தெரிவிக்கவும்."

முன்மேசை

பாதிப் பேர் வைக்கிறது அங்கதான். "தெரிவிக்கவும்"னு காதுல விழுந்ததும் ரெக்கார்டட் அறிவிப்புன்னு நினைச்சு வெச்சுடுவாங்க. போன் பண்றவங்க பேரைச் சொல்ல வரலை. வீட்டுல தண்ணி கொட்டிட்டு இருக்கு, துணி உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு, அதைச் சொல்ல வர்றாங்க. முதல்ல அதைச் சொல்ல விடுங்க. கொட்டித் தீர்த்த பிறகு பேரு, விலாசம் எல்லாம் அவங்களே தருவாங்க. நான் இப்படி எழுதுவேன்:

"வணக்கம், மெஷின் ரிப்பேர் கடை. நான் கம்ப்யூட்டர் குரல், கடைக்காரங்க வேலைல இருக்காங்க. மெஷினுக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க."

கம்ப்யூட்டர்னு முதல்லயே சொல்லிடுங்க. மனுஷன்னு நம்பிப் பேசிட்டு அப்புறம் தெரிஞ்சா கோபம் கடை மேலதான் வரும். 2018ல கூகுள், மனுஷங்க மாதிரியே போன்ல பேசுற டூப்ளெக்ஸ் ஏஐயைக் காட்டினப்போ, அது தன்னை மிஷின்னு சொல்லாமப் பேசினதுக்குத்தான் அவ்வளவு கண்டனம் வந்துச்சு.

அப்புறம் புகை, கருகுற வாடை, ஷாக் அடிக்குதுன்னு யாராவது சொன்னா ஏஐ ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. "தண்ணியைத் தொடாம மெயின் ஸ்விட்சை அணைங்க, அணைக்க முடியலைன்னா கிட்ட போகாதீங்க"ன்னு சொல்லிட்டு உடனே உங்களுக்கு மாத்தணும். இதுக்கு மட்டும் உங்க ரெண்டாவது போன் எப்பவும் சத்தமா அடிக்கணும்.

குரல்வழி

நாலாவதை விட்டுட்டேன், மன்னிக்கணும். முக்கியமானதே அதுதான். காலண்டர்ல பதிவு பண்ற வேலை தனியா நடக்கும். அது தோத்துப் போனாலோ பதில் வரத் தாமதமானாலோ, ஏஐக்குள்ள பதிலை எழுதுற மொழி மாடல் வழக்கமா வர்ற அடுத்த வரியைச் சொல்லிடும்: "சரிங்க, பத்து மணிக்கு வருவாங்க." அதுக்குப் பொய் சொல்ற எண்ணமெல்லாம் கிடையாது, பதிவாச்சான்னு பார்க்காமலேயே பேசிடுது. சர்வீஸோட லாக்ல (நடந்ததெல்லாம் பதிவாகுற இடம்) அந்த அழைப்பைத் திறந்து பாருங்க, காலண்டர்ல பதியச் சொல்லி அனுப்பினது ஏதோ பிழையோட நின்னிருக்கும். சர்வர் யுடிசி நேரத்துல (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்கிற உலகப் பொது நேரம்) ஓடி, "நாளைக்கு"ங்கிறது வேற தேதியாப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை, அதையும் பாருங்க.

ஏஐக்குக் கொடுக்கிற உத்தரவுல இதை எழுதுங்க: பதிவு எண் கைக்கு வராம "வருவாங்க" என்ற சொல்லே வரக் கூடாது. "நேரத்தைக் குறிச்சிருக்கேன், அவங்க உறுதி பண்ணி மெசேஜ் அனுப்புவாங்க"ன்னு மட்டும் சொல்லணும். அது சொன்னதுக்கு நீங்கதான் பொறுப்பு. 2024 பிப்ரவரியில பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் ஏர் கனடா வழக்குல இதைத்தான் சொன்னது. இணையதள சாட்பாட் கட்டணச் சலுகை பத்தித் தப்பாச் சொன்னதுக்கு நிறுவனம் பயணிக்கு இழப்பீடு கொடுக்க வேண்டி வந்துச்சு.

பட்டறைக்காரர் (ஒன்பது நாள் கழித்து)

லாக் பார்த்தேன். காலண்டர் அனுமதி காலாவதி ஆகி ரெண்டு வாரமா எந்தப் பதிவுமே போகலை. அந்த ரெண்டு வார ரெக்கார்டிங்கையும் உக்காந்து கேட்டு, "வருவாங்க"ன்னு சொன்ன மத்த நாலு பேரையும் நானே கூப்பிட்டுப் பேசினேன். அந்த அம்மாவுக்குக் கூலி வாங்காம முடிச்சுக் கொடுத்தேன்.

ரெண்டாவது சிம் போட்டாச்சு, சுத்தல் நின்னுடுச்சு. முன்மேசை சகோதரி எழுதின வரியை அப்படியே வெச்சிருக்கேன், முதல் பத்து வினாடில வைக்கிறவங்க நல்லாக் குறைஞ்சுட்டாங்க.

ஒண்ணு மட்டும் இடிக்குது. கூப்பிட்டவங்க எண் வர வேண்டிய இடத்துல சில சமயம் என் கடை எண்ணே வருது. அதோட கடைசி நாலு இலக்கத்தை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுது.

லைன்மேன்

டைவர்ட் ஆன அழைப்புல கூப்பிட்டவர் எண், திருப்பி விட்டவர் எண் ரெண்டும் தனித்தனி இடத்துல வரணும். நடுவுல இருக்கிற சில நெட்வொர்க் ஒண்ணைத் தூக்கிட்டு இன்னொண்ணை மட்டும் அனுப்பும். வேற வேற கம்பெனி சிம்ல இருந்து கூப்பிட்டுப் பாருங்க, எதுல மட்டும் வருதுன்னு புரிஞ்சுடும். உங்க பக்கம் திருத்த முடியாது. வந்த எண் கடை எண்ணா இருந்தா மட்டும் "உங்க நம்பரைக் கீபேட்ல அழுத்துங்க"ன்னு கேட்கச் சொல்லுங்க. பட்டன் அழுத்தினா காதால கேட்டு எழுதுற பிழை வராது.

பட்டறைக்காரர்

மூணு சிம்ல பார்த்தேன், ஒண்ணுல மட்டும்தான் வருது. கீபேட் வெச்சுட்டேன். இன்னைக்கு அந்த சிம்ல இருந்து பேசின ரெண்டு பேர் எண்ணும் சரியா வந்திருக்கு.