கடலரிப்புக்கு போன் படம் ஆதாரமாகுமா?

தரங்கைக்காரன்:
எங்கள் ஊர் தரங்கம்பாடிக்குத் தெற்கே. ஒவ்வொரு வாடைக்கும் கடல் உள்ளே வருகிறது, வலைக்கூடத்துக்கு முன்னால் படகு ஏற்றி வைக்கவே இடமில்லை. மனு கொடுத்தால் அளவு எங்கே என்று கேட்கிறார்கள். சாட்டிலைட் படம் இறக்கிப் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகையில் வெறும் மேகம். கூடத்து மாடியிலிருந்து போனில் எடுத்தால் உதவுமா?

அலைக்கணக்கு:
நிச்சயம் உதவும். ஐரோப்பாவின் சென்டினல்-2 சாட்டிலைட் படம் இலவசம்தான், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும், ஆனால் அதில் ஒரு புள்ளியே 10 மீட்டர், அதோடு கரை அறுபடும் மாதங்களில்தான் மேகம் மூடுகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராப் ஹோல்மன் தொடங்கிய ஆர்கஸ் கேமராக்கள் உயரமான இடத்திலிருந்து கரையைப் பார்ப்பவை. பத்து நிமிடப் படங்களைச் சராசரி எடுத்தால் தனித்தனி அலைகள் கரைந்துபோய், அலை உடையும் இடம் மட்டும் வெள்ளைப் பட்டையாக நிற்கும். ஆழம் குறைந்த இடத்தில்தான் அலை உடையும் என்பதால், தண்ணீருக்கடியில் மணல்திட்டு எங்கே கிடக்கிறது என்று அந்தப் பட்டையே காட்டிவிடும். உங்கள் மாடியிலிருந்து போனிலும் இதே முறையைச் செய்யலாம். எப்போதும் ஒரே கோணம் கிடைக்க, போனை வைக்க ஒரு இரும்புத் தாங்கியைச் சுவரில் பதித்துவிடுங்கள், ஜூம் வேண்டாம். சிட்னியில் 2017-இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் திட்டமும் இப்படித்தான், போகிற வருகிறவர்களே படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

நாகை_பொறியாளர்:
ஒன்று முக்கியம், ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. கரைச் சரிவு 20-க்கு 1 என்றால் தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலே நீர்க்கோடு 10 மீட்டர் உள்ளே வந்துவிடும், அதை அரிப்பு என்று கொடுத்தால் ஒரே கேள்வியில் மனு விழுந்துவிடும். தினமும் காலை எட்டு மணி என்று வைத்தாலும் சரிவராது, ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓத அட்டவணையைப் பார்த்து ஒரே நீர்மட்டத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். மின்கம்பம், கூடத்து மூலை மாதிரி அசையாத நாலைந்து பொருள் படத்துக்குள் இருக்கட்டும், அவற்றின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் துல்லியமாக அளந்து வைத்தால்தான் படத்தை மீட்டராக மாற்ற முடியும்.

தரங்கைக்காரன்:
சரி அண்ணே, தாங்கிக்கு ஏற்பாடு செய்கிறேன். ஆழமும் தெரியுமா?

அலைக்கணக்கு:
வீடியோ எடுத்தால் ஓரளவு தெரியும். கரையோரத்தில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது: ஒரு முகடு 9 நொடியில் 40 மீட்டர் வந்தால் ஆழம் சுமார் 2 மீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி 9.8-ஆல் வகுத்தால் போதும். அலை உடைகிற இடத்துக்குள் இந்தக் கணக்கு பிசகும், அதற்கு வெளியே அளக்கவும். அப்புறம், வெள்ளைப் பட்டை நடுவில் கறுப்பாக இடைவெளி தெரிந்தால் பிள்ளைகளை அங்கே குளிக்க விடாதீர்கள். அமைதியாகத் தெரியும், ஆனால் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.