44.1, 48, 96, 192... வீட்டு ரெக்கார்டிங்குக்கு எதை வைக்கிறது?

மெட்டுக்காரன்:
வணக்கம் மக்களே. வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சிருக்கேன், ரெண்டு சேனல் ஆடியோ இண்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கற பெட்டி), ஒரு கண்டென்சர் மைக், லேப்டாப், அவ்ளோதான் செட்டப்பு. குரலும் அகூஸ்டிக் கிட்டாரும்தான் மெயினா. புது ப்ராஜெக்ட் தொறந்தாலே சாம்பிள் ரேட் என்னன்னு கேக்குது, 44.1ல இருந்து 192 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கு, பிட் டெப்த்னு பாத்தா 16, 24, 32 ஃப்ளோட். ஒருத்தர் இண்டர்ஃபேஸ்ல 192 இருக்கும்போது அதை ஏன் வேஸ்ட் பண்றேங்கறாரு, இன்னொருத்தர் கடைசில எம்பி3 ஆகத்தானே போகுது 16 பிட்டே போதும்ங்கறாரு. 96 வச்சுப் பாத்தேன், ட்ராக் ஏற ஏற லேப்டாப் திணறி டிக் டிக்னு சத்தம் வருது. 16க்கும் 24க்கும் என் காதுக்கு வித்தியாசமே தெரியல, அப்புறம் ஏன் எல்லாரும் 24 24ன்னு அடிச்சுக்கறாங்க? யாராச்சும் தெளிவா சொல்லுங்களேன்.

டெசிபெல் தாசன்:
ப்ரோ ரெண்டும் வேற வேற விஷயம். சாம்பிள் ரேட்னா செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குறோம்ங்கறது, பிட் டெப்த்னா ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எழுதறோம்ங்கறது. முதல்ல பிட் டெப்த்தை முடிச்சுடலாம், அது ஈஸி. 24 வைங்க, அதோட அதை மறந்துடுங்க.

ஏன்னா, அடியில இருக்கற இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபெல் கணக்கு. 16 பிட்னா 96, 24 பிட்னா பேப்பர்ல 144, ஆனா நிஜத்துல நல்ல இண்டர்ஃபேஸே 110, 120 பக்கம்தான் தரும். லெவல் ஏத்தி முடிச்ச பாட்டைக் கேட்டா வித்தியாசம் தெரியாது, உங்க காதுல தப்பில்ல. லாபமெல்லாம் டேக் எடுக்கும்போது, அதாவது பாடிப் பதியும்போதுதான். 16ல எடுத்தா சத்தம் கீழ போயிடுமோன்னு பயந்து கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்குற குமிழ்) முட்டுற அளவுக்கு ஏத்துவோம், ஒரு உச்ச ஸ்தாயில பாடுறவர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டா டேக் கிழிஞ்சிடும். 24ல அந்த பயம் இல்ல.

இப்படி செஞ்சு பாருங்க. பாட்டுலயே ரொம்ப சத்தமா வர்ற வரி எதுவோ அதை முழு மூச்சுல பாடுங்க, ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் எல்லாம் கணக்குல வராது. மீட்டர்ல 0 தான் உச்சம், அது மைனஸ் 12ல இருந்து மைனஸ் 10க்குள்ள முட்டுற மாதிரி கெயினை நிறுத்துங்க. அப்புறம் கெயினைத் தொடாம, வாயை மூடிக்கிட்டு ரூமை மட்டும் கொஞ்ச நேரம் ரெக்கார்ட் பண்ணுங்க. ஃபேன் சுத்துற சத்தம், லேப்டாப் விசிறி எல்லாம் சேந்து மைனஸ் 60 பக்கம் நின்னா ஆச்சரியப்படாதீங்க. அதுதான் உங்க நிஜமான அடிமட்டம். அதைவிட 36 டெசிபெல் கீழ இருக்கற 16 பிட்டோட இரைச்சல் உங்க காதுக்கு எப்படி எட்டும்? ஃபேனை ஆஃப் பண்றது எந்த செட்டிங்கையும் விட பெரிய அப்கிரேடு.

பழைய கேசட்:
சாம்பிள் ரேட் பத்தி நான் சொல்றேன். மனுஷன் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், அதுவும் சின்ன வயசுல. ஒரு அதிர்வெண்ணை ஒழுங்கா பிடிக்க அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல சாம்பிள் வேணும், அவ்ளோதான் தியரி. 44.1 வச்சா 22.05 வரைக்கும் பிடிக்கும், மிச்ச இடம் ஃபில்டருக்கு. நிறைய பேர் நினைக்கிற மாதிரி கம்மி ரேட்ல அலை படிக்கட்டு படிக்கட்டா வெளிய வராது, அந்த எல்லைக்குள்ள இருக்கறது முழுசா வழவழன்னு திரும்ப வந்துடும்.

இந்த 44.1ங்கற விநோத நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னா, சிடி காலத்துல டிஜிட்டல் ஆடியோவை வீடியோ டேப்லதான் பதிஞ்சு வச்சாங்க. ஒரு ஃபீல்டுக்கு 245 வரி, வரிக்கு 3 சாம்பிள், செகண்டுக்கு 60 ஃபீல்டு, பெருக்கிப் பாருங்க 44,100 வரும். 50 ஃபீல்டு சிஸ்டத்துல 294 வரி, அதுவும் அதே 44,100. மத்தபடி அந்த நம்பர்ல மந்திரம் எதுவும் இல்ல. வீடியோ உலகம் 48ல நின்னுடுச்சு. இன்னிக்கு பாட்டு போட்டா கூடவே ஒரு வீடியோவும் போடறோம், அதனால என் ஓட்டு 48, 24 பிட்.

சைஸும் பாத்துக்கோங்க. 48/24ல ஒரு மோனோ ட்ராக் நிமிஷத்துக்கு 8.6 எம்பி, 5 நிமிஷப் பாட்டு, பத்து ட்ராக்னா 430 எம்பி சொச்சம். 192ல அதே பாட்டு 1.7 ஜிபி தாண்டும், அதுவும் வேணாம்னு விட்ட டேக்குகளை கணக்குல சேக்காம.

நள்ளிரவு மிக்ஸ்:
96ஐ ஒரேயடியா ஒதுக்காதீங்கப்பா. கேக்கறதுக்கு வித்தியாசம் இல்லங்கறது பெரும்பாலும் சரி, 2007ல மேயர், மோரன்னு ரெண்டு ஆய்வாளர்கள் உயர் ரேட் ஆடியோவையும் சிடி தரத்தையும் ஒப்பிட்டுக் கேக்க வச்ச டெஸ்ட்ல 554 தடவைல 276 தான் சரியா சொன்னாங்க, காசு சுண்டிப் போட்ட மாதிரி. 2016ல ரைஸ்ங்கற ஆய்வாளர் பழைய ஆய்வுகளை சேத்துப் பாத்தப்போ சரியான பதில் 52.3 சதவீதம் வந்துச்சு, பழகின காதுகளுக்கு கொஞ்சம் கூட. அதுக்காக சண்டை போடற அளவு இல்ல.

ஆனா ப்ளகின் விஷயம் வேற. ப்ளகின்னா ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள போடற எஃபெக்ட். சாச்சுரேஷன், டிஸ்டார்ஷன் மாதிரி சத்தத்தை முறுக்கேத்தற ப்ளகின் புதுசா ஹார்மோனிக்ஸ், அதாவது மூல அதிர்வெண்ணோட மடங்குகளை, உண்டாக்கும். 10 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கற சத்தத்தோட மூணாவது ஹார்மோனிக் 30, ப்ராஜெக்ட் 48னா அது 24க்கு மேல போக முடியாம மடங்கி 18ல வந்து விழும். அஞ்சாவது 50, அது 2 கிலோஹெர்ட்ஸ்ல விழும், அங்க காது ரொம்ப ஷார்ப், ஸ்ருதிக்கு சம்பந்தமே இல்லாத ஒரு கரகரப்பா கேக்கும். 96ல இந்தத் தொல்லை கம்மி. ஆனா இப்ப நிறைய ப்ளகின்ல ஓவர்சாம்பிளிங் பட்டன் (அந்த ப்ளகின் மட்டும் உள்ளுக்குள்ள உயர்ந்த ரேட்ல வேலை பாக்கும்) இருக்கு, தேவையான ப்ளகின்ல மட்டும் அதை ஆன் பண்ணிட்டா மொத்த ப்ராஜெக்டையும் 96ல ஓட்ட வேண்டியதில்ல.

அந்த டிக் டிக் சத்தம் பஃபரால, அதாவது லேப்டாப் ஒரு தடவைல எடுத்து வேலை பாக்கற சாம்பிள் கூட்டத்தால. 128 சாம்பிள் பஃபர் 48ல 2.7 மில்லிசெகண்ட், 96ல அதுல பாதி. லேப்டாப்புக்கு வேலை ரெண்டு மடங்கு, நேரம் பாதி, பாவம் என்ன பண்ணும். பாடும்போது 128, மிக்ஸ்ல 1024 வைங்க.

மெட்டுக்காரன்:
சூப்பர், நன்றி எல்லாருக்கும். சரி 48/24 வச்சுக்கறேன். இன்னும் ரெண்டு டவுட். 32 ஃப்ளோட் வச்சா கிளிப்பே (சத்தம் உச்சத்துல முட்டிக் கிழியறது) ஆகாதுன்னு வீடியோல பாத்தேன், நிஜமா? அப்புறம் பாதி முடிச்ச மூணு பாட்டு 44.1ல இருக்கு, ட்ரம்ஸ் வாசிக்கற ஃப்ரெண்ட் 48ல அனுப்பினான், போட்டா ட்ராக் மெதுவா இழுத்துக்கிட்டு போகுது, ஸ்ருதியும் இறங்கின மாதிரி இருக்கு.

டெசிபெல் தாசன்:
32 ஃப்ளோட் சாஃப்ட்வேருக்குள்ள நிஜம். மிக்ஸ்ல ஒரு ட்ராக் சிவப்பு தாண்டினாலும் ஃபேடரை இறக்கினா திரும்ப வந்துடும். ஆனா சாதாரண இண்டர்ஃபேஸ்ல ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்குற பகுதி) முட்டினா அது மைக் பக்கத்துலயே கிழிஞ்சாச்சு, கிழிஞ்சதைத்தான் 32 ஃப்ளோட்ல பத்திரமா சேமிப்பீங்க. கிளிப் ஆகாதுன்னு சொல்றது சத்தத்தை டிஜிட்டலா மாத்துற ரெண்டு கன்வெர்ட்டர் வச்சு செஞ்ச தனி ரெக்கார்டருங்களுக்கு.

பழைய கேசட்:
ட்ரம்ஸ் கதை சிம்பிள் தம்பி. 48ல எடுத்த ஃபைலை உங்க ப்ராஜெக்ட் 44.1ன்னு நினைச்சு ஓட்டுது, அதான் ஒன்றரை செமிடோன் (கீபோர்டுல பக்கத்து பக்கத்து கட்டைக்கு நடுவுல உள்ள தூரம்தான் ஒரு செமிடோன்) கிட்ட இறங்குது. இம்போர்ட் பண்ணும்போது கன்வெர்ட் பண்ணவான்னு கேக்கும், ஆமான்னு குடுங்க, கேக்கலன்னா செட்டிங்ஸ்ல அந்த ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. அந்த மூணு பாட்டையும் 44.1லயே முடிங்க, நடுவுல மாத்தினா எடிட் பண்ண இடமெல்லாம் கலைஞ்சு போற ரிஸ்க் இருக்கு. புதுசுல இருந்து 48. ஃப்ரெண்டுக்கும் முதல்லயே 48/24, வேவ் ஃபைல், பாட்டோட ஆரம்பத்துல இருந்தே எக்ஸ்போர்ட் பண்ணுன்னு சொல்லிடுங்க, ட்ரம்ஸ் எட்டாவது பார்ல நுழைஞ்சாலும் சரி.

நள்ளிரவு மிக்ஸ்:
கடைசியா 16 பிட்ல யாராச்சும் கேட்டா மட்டும் டிதர் (பிட் குறைக்கும்போது வர்ற பிசிறை மறைக்க சேக்கற ரொம்ப மெல்லிசான இரைச்சல்) போட்டு எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அதுவும் கடைசி ஒரே ஒரு தடவை. 24ல குடுக்கறீங்கன்னா டிதர் ஆப்ஷன்ல இருக்கற டிக் மார்க்கை எடுத்து விட்டுட்டாலும் ஒண்ணும் ஆகாது.