ரிகொலெட்டோ கடைசி அங்கம்: கூத்து வாத்தியத்தோடு போட முடியுமா?

காட்பாடி_மேடை:
வணக்கம். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரிகொலெட்டோ என்ற இசைநாடகத்தில் மூன்றாம் அங்கத்தை மட்டும் வேலூரில் ஒரு கல்லூரி அரங்கில் தமிழில் போடுகிறோம். ஆர்மோனியம், மத்தளம், முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதுகருவி), புல்லாங்குழல் இருக்கிறது. கதை இதுதான்: மகள் ஜில்டாவைக் கெடுத்த கோமகனைக் கொல்ல அரண்மனைக் கோமாளி ரிகொலெட்டோ ஆள் வைக்கிறான்; புயல் இரவில் அவனுக்குக் கிடைக்கும் மூட்டைக்குள் இருப்பது மகள். கோமகனை ஆற்காட்டு நவாபாக மாற்றலாமா? புயலையும் மூட்டையையும் எப்படிச் சமாளிப்பது?

ஆரணி_வாசகர்:
நவாப் வேண்டாங்க. இதற்கு மூலமான விக்டர் ஹ்யூகோவின் நாடகம் 1832இல் பாரிசில் ஒரே இரவுதான் ஓடியது. மன்னர் முதலாம் பிரான்சுவாவைப் பெண்பித்தராகக் காட்டியதால் தடை. வெனிசில் தணிக்கையும் மறுத்ததால்தான் வெர்டியும் பாட்டுவரி எழுதிய பியாவேயும் கதையை மாந்துவா என்ற இத்தாலிய ஊருக்கு நகர்த்தி, 1851 மார்ச் 11 அன்று அங்கேயே லா ஃபெனீச்சே அரங்கில் அரங்கேற்றினார்கள். பெயரில்லாத ஜமீன்தார் போதும். ஆனால் தட்டிக்கேட்க ஆளில்லாத அதிகாரம் அவனிடம் இருக்க வேண்டும். வெறும் பணக்கார மைனராக்கினால் முதல் அங்கத்தில் ரிகொலெட்டோ வாங்கும் சாபத்துக்கு எடையே இருக்காது. ரிகொலெட்டோவைக் கட்டியங்காரனாக்க ஆசை வரும். இந்த அங்கத்தில் அவன் சிரிக்க வைக்கவே கூடாது.

மத்தளம்_தொப்பி:
காற்றுக்குத் தனிக் கருவி தேவையில்லை. வெர்டியே மேடைக்குப் பின்னால் ஆண்குரல்களை வாய்மூடி முனக வைத்திருக்கிறார், அரைச்சுரம் அரைச்சுரமாக. எட்டுப் பேர் போதும், மைக் வேண்டாம். அந்த நேரம் மின்விசிறிகளை நிறுத்துங்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்குக் கஷ்டம்தான், ஆனால் விசிறிச் சத்தத்தில் முனகல் காணாமல் போய்விடும். மின்னலுக்குப் புல்லாங்குழல், இடிக்கு மத்தளத்தின் கனத்த ஓசை தரும் தொப்பிப் பக்கம். முகவீணையைத் தொடாதீர்கள், ஜில்டாவின் குரலை விழுங்கிவிடும்.

நால்வர் பாட்டை வசனமாக்க வேண்டாம். விடுதிக்கு உள்ளே கோமகனும் கொலைகாரனின் தங்கை மத்தலேனாவும், வெளியே அப்பாவும் மகளும். நான்கு பேர் ஒன்றாகப் பேசினால் இரைச்சல். பாடினால்தான் நான்கு மனசும் தனித்தனியாகக் கேட்கும். நடுச்சுவருக்கு இடைவெளி விட்ட மூங்கில் தட்டியைச் சாய்வாக நிறுத்துங்கள். நேராக வைத்தால் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் தெரியாது.

திரைக்குப்பின்:
மூட்டைக்கு வெறும் கோணி வேண்டாம். தூசியில் ஜில்டா இருமிவிடுவார். உள்ளே துவைத்த பருத்தித்துணி தைத்து, வாயில் இழுத்தால் அவிழும் சுருக்கு மட்டும் போடுங்கள்.

ரிகொலெட்டோ மூட்டையை ஆற்றுக்கு இழுக்கும்போது கோமகன் பாட்டு தூரத்தில் கேட்கிறது. அதில்தான் ஏமாந்தது ரிகொலெட்டோவுக்குத் தெரிகிறது. அதை ஸ்பீக்கரில் விட்டால் பின்னணி இசை என்றே நினைப்பார்கள். பாடகர் மைக் இல்லாமல் பின்வாசல் பக்கம் நடந்துகொண்டே பாடட்டும், குரல் தேயட்டும். மூட்டை பிரிந்ததும் ஒரு மின்னல் வெளிச்சம், ஜில்டாவின் முகத்தில் மட்டும்.

காட்பாடி_மேடை:
நன்றிங்க. உரிமைத்தொகை?

ஆரணி_வாசகர்:
இசைக்கும் பாட்டுவரிக்கும் இல்லை. புதிதாகப் பதிப்பித்த இசைத்தாளோ ஒலிப்பதிவோ எடுத்தால் அதற்கு உரிமை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.